நலமான டிஸ்க்கை ஒதுக்கிவிட்டு, சாகக் கிடந்த டிஸ்க்கை நம்பிய மீட்பு: மதுரை ஸ்டுடியோ ஒன்றின் ரெய்டு 5

மதுரையில் மாசி வீதிகளை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் கல்யாண ஸ்டுடியோ இது. முகூர்த்த நாட்களில் ஒரே காலையில் இரண்டு மூன்று மண்டபங்களுக்கு ஆள் அனுப்புவார்கள். எடுத்த படமும் வீடியோவும் மாடியறையில் இருக்கும் லினக்ஸ் பெட்டிக்குப் போய்ச் சேரும். எடிட்டிங் மேசைகள் எல்லாம், நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் சாம்பா வழியாக அதிலிருந்தே படித்து, அதிலேயே எழுதும். டெபியன் என்ற லினக்ஸ் வகை, 4 டிபி டிஸ்க் நான்கு, அவற்றை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் எம்டி என்ற லினக்ஸ் மென்பொருளின் ரெய்டு 5, அதன்மேல் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை. ஒரு டிஸ்க் போனால் அதில் இருந்ததைக் கணக்கிட்டு எடுக்க உதவும் கூடுதல் தகவல்தான் பாரிட்டி; ஒரு டிஸ்க்கின் அளவு அதற்குப் போக 12 டிபி கையில் நிற்கும். அதில் 8 டிபி நிறைந்திருந்தது. வேறு எங்கும் நகல் கிடையாது. பெட்டியைக் கட்டிக்கொடுத்தவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டதால், அதைத் திறந்து பார்க்கவும் ஆள் இல்லை.

வைகாசி முகூர்த்தம் ஒன்று முடிந்த மறுநாள், எடிட்டர் தம்பி பழைய கல்யாண வீடியோ ஒன்றைத் திறந்தார். அந்தத் தம்பதி குழந்தையின் காதுகுத்தில் போட்டுக்காட்டக் கேட்டிருந்தார்கள். பாதி ஓடிக்கொண்டிருந்தபோது எல்லா மேசைகளிலும் ஃபோல்டர்கள் உறைந்தன. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பவர் பட்டனை அழுத்தி அணைத்துப் போட்டார். பெட்டி எழுந்தது. ஷேர் எழவில்லை.

ஸ்டுடியோ அண்ணன் போனில் சொன்னது: "தம்பி, முந்தாநேத்து எடுத்த கல்யாணம் முழுக்க அதுலதான் இருக்கு. கார்டையெல்லாம் அழிச்சு அடுத்த மண்டபத்துக்குக் குடுத்துவிட்டாச்சு."

பெட்டியை அணைத்து வைக்கச் சொன்னேன். அதற்குள் இரண்டு யோசனைகள் அங்கே வந்து சேர்ந்திருந்தன. பக்கத்து சர்வீஸ் கடையில், "கெட்டுப்போன டிஸ்க்கைக் கழற்றிட்டுப் புதுசு ஒண்ணு மாட்டுங்க, தானா ரீபில்ட் ஆயிரும்" என்றார்களாம். எடிட்டர் தம்பி இணையத்தில் தேடி, ரெய்டை மறுபடி உருவாக்கும் கிரியேட் கட்டளையைக் காகிதத்தில் எழுதியே வைத்திருந்தார். இரண்டுமே கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பெட்டியில் இரண்டில் எதைச் செய்திருந்தாலும் எட்டு டிபியில் பெரும்பகுதி போயிருக்கும். ஏன் என்பதை விரித்து எழுதுவதற்காகவே இந்த ஆய்வு.

நான்கு டிஸ்க்கும் சொன்ன நான்கு கதை

திறந்ததும் முதல் வேலை, ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் வரிசை எண்ணின் கடைசி நான்கு எழுத்தையும், அது எந்தப் போர்ட்டில் இருந்தது என்பதையும் ஒட்டுக்காகிதத்தில் எழுதி ஒட்டியது. லினக்ஸ் கொடுக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் இடம் மாறலாம். அந்தப் பெயரை நம்பிக் கழற்றினால் நல்ல டிஸ்க் கையில் வரும். வரிசை எண் மாறாது. இங்கே வசதிக்காக முதலாவது, இரண்டாவது என்றே எழுதுகிறேன்.

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்குக்கு ஸ்மார்ட் என்று பெயர்; அதைப் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கொண்டு நான்கையும் பார்த்தேன். முதலாவதும் இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதில் 5ஆம் எண் பண்பு, அதாவது மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (தகவல் பதியும் மிகச் சிறு துண்டுகள்), முந்நூறைத் தாண்டியிருந்தது. 197, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்கள், 88. ஓடிய நேரம் 41,000 மணிக்கு மேல். நான்கரை வருடத்துக்கும் அதிகம். நான்காவது டிஸ்க்கில் 5, 197, சோதனையில் திருத்த முடியாமல் போன செக்டர்களைச் சொல்லும் 198, மூன்றுமே பூஜ்யம். ஆனால் 199ஆம் பண்பு, கேபிள் வழியே வரும்போது கெட்டுப்போன தகவல்களின் எண்ணிக்கை, ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

இந்த 199ஐப் பற்றி ஒரு வார்த்தை. அது ஏறினால் பெரும்பாலும் குற்றவாளி டிஸ்க்கின் உள்ளே தகவல் பதியும் தகடு அல்ல. சாட்டா கேபிள், கனெக்டர், சில நேரம் பவர் சப்ளை. கேபிளை மாற்றினாலும் எண்ணிக்கை இறங்காது. இன்றைக்கு எவ்வளவு என்பதைவிட, நேற்றைக்கு இருந்ததிலிருந்து ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி.

இதுவரை பார்த்ததை வைத்து யாரைக் கேட்டாலும் நான்காவது டிஸ்க் நல்லது, மூன்றாவது கெட்டது என்பார்கள். தகடுகளின் நலத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான். நான் வந்தது தகட்டைக் காப்பாற்ற அல்ல, தகவலைக் காப்பாற்ற. அதற்குக் கேட்க வேண்டிய இடம் வேறு.

எம்டி ரெய்டில் ஒவ்வொரு டிஸ்க்கிலும் சூப்பர்பிளாக் என்ற ஒரு சிறு குறிப்புப் பகுதி இருக்கும். ரெய்டின் நிலை மாறும்போதெல்லாம் அதிலுள்ள நிகழ்வு எண் ஏறும். எந்த நேரத்தில் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது என்பதும் பதிவாகும். எம்டியை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கட்டளையின் எக்ஸாமின் வசதி அதைப் படித்துக் காட்டும், எதையும் எழுதாது. முதல் இரண்டு டிஸ்க்கிலும் நிகழ்வு எண் 1,84,213. மூன்றாவதில் 1,84,209. நான்காவதில் 1,39,870, கடைசியாகப் புதுப்பித்த நாள் ஏழு வாரத்துக்கு முன்.

ஆக, மூன்றாவது டிஸ்க் அன்றைக்குத்தான் விழுந்தது; நான்கே நிகழ்வு பின்தங்கியிருக்கிறது. நான்காவது பங்குனியிலேயே வெளியேறிவிட்டது. ரெய்டு ஏழு வாரமாக மூன்று காலில் ஓடியிருக்கிறது. ஒரு டிஸ்க் போனால் தாங்கும் ரெய்டு 5, முதல் டிஸ்க் போனதைத் தாங்கிக்கொண்டு ஓடிய காலம் அது. இரண்டாவது போனதும் நின்றுவிட்டது.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதிவைத்த பழைய பதிவுகளில் காரணமும் கிடைத்தது. பங்குனிக் கடைசியில் மாடியறைக்கு வெள்ளையடித்தபோது பெட்டியை நகர்த்தியிருக்கிறார்கள். அன்று மாலையிலிருந்து நான்காவது டிஸ்க்கின் போர்ட்டில் இணைப்பு அறுந்து அறுந்து சேர்ந்திருக்கிறது. கெர்னல் வேகத்தைக் குறைத்துப் பார்த்து, கடைசியில் அந்த டிஸ்க்கையே கைவிட்டிருக்கிறது. எம்டி அதை ரெய்டிலிருந்து நீக்கிவிட்டது. நீக்கியதைச் சொல்லாமலும் இல்லை. டெபியனில் எம்டிஏடிஎம் தினம் ஒருமுறை ரெய்டைச் சரிபார்த்து, குறை இருந்தால் பெட்டியின் நிர்வாகியான ரூட் பயனருக்கு மெயில் எழுதும். அந்த மெயில்கள் நாளுக்கு ஒன்றாகப் பெட்டிக்குள்ளேயே ஒரு கோப்பில் குவிந்து கிடந்தன. வெளியே அனுப்பும் ஏற்பாட்டை யாரும் செய்யவில்லை.

எல்லோரும் வெயிலைத்தான் குற்றம் சொன்னார்கள். மதுரை வைகாசி வெயில் யாரையும் சந்தேகப்பட வைக்கும். ஆனால் டிஸ்க்குகளில் பதிவான அதிகபட்ச வெப்பம் 46 டிகிரிதான். அவற்றின் வரம்புக்குள் இருப்பது. கூகுள் 2007இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையும், மிதமான வெப்பநிலைக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பைக் காணவில்லை. அதே கட்டுரை வேறு ஒன்றை அழுத்திச் சொல்கிறது: முதல் ஸ்கேன் பிழை காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு, பிழை காட்டாத டிஸ்க்கைப்போல 39 மடங்கு. அதோடு, பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அடையாளங்களில் எதையும் காட்டாமலேயே போயின. ஸ்மார்ட் சத்தம் போட்டால் நம்பலாம். அமைதியாக இருந்தால் அதை நலச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஏன் அந்த இரண்டு யோசனையும் ஆபத்து

சர்வீஸ் கடைக்காரர் சொன்னபடி மூன்றாவதைக் கழற்றியிருந்தால் மிஞ்சுவது முதலாவது, இரண்டாவது, நான்காவது. வலுக்கட்டாயமாகச் சேர்க்கும் ஃபோர்ஸ் தெரிவைக் கொடுத்தால், எம்டிஏடிஎம் இருப்பதில் புதியதைத் தேடி எடுத்துச் சேர்க்கும். மூன்றாவது கண்ணெதிரே இல்லை என்றால் நான்காவதையே சேர்த்து, அதன் நிகழ்வு எண்ணை உயர்த்திவிடும். இரண்டு டிஸ்க்கில் இன்றைய நிலை, ஒன்றில் பங்குனி நிலை. நான்கு டிஸ்க்கிலும் ஒரே தூரத்தில் இருக்கும் துண்டுகள் சேர்ந்து ஒரு வரிசை; ஏழு வாரத்தில் எழுதப்பட்ட ஒவ்வொரு வரிசையிலும் கணக்கு பொய்யாகும். சித்திரைத் திருவிழாவுக்கு எடுத்தவை, வைகாசி முகூர்த்தங்கள் எல்லாம் துண்டு துண்டாகும். கோப்பு முறைமையின் அடைவுகளும் கலந்துபோகும். அதன்மேல் யாராவது எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேரை ஓட்டினால், பொருந்தாதவற்றையெல்லாம் அது வெட்டி எறியும். புதிய டிஸ்க்கை மாட்டி ரீபில்டும் செய்தால் அந்தப் பொய் கணக்கு நிரந்தரமாக எழுதப்படும்.

கிரியேட் கட்டளை இன்னும் நேரடியான கேடு. டிஸ்க்குகள் நிற்கும் ஒழுங்கு, ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு தடவைக்கு எழுதும் துண்டின் அளவு (சங்க்), தகவல் தொடங்கும் இடம், சூப்பர்பிளாக் வகை எல்லாம் பழையபடியே இருந்தால்தான் அது பலிக்கும். எம்டிஏடிஎம் தானாக எடுத்துக்கொள்ளும் அளவுகள் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கின்றன. ரெய்டு 5ஐச் சாதாரணமாக உருவாக்கினால், உருவான உடனே பாரிட்டி கணக்குப் போட்டு ஒரு டிஸ்க் முழுக்க எழுதத் தொடங்கிவிடும். அந்தக் கணத்திலிருந்து திரும்பி வர வழியில்லை.

டிஸ்க் பழுதில் தகவல் போவது பெரும்பாலும் பழுதினால் அல்ல, பழுதைக் கண்ட முதல் ஒரு மணி நேரத்தில் எழுதப்பட்டதால். நகல் எடுத்து முடிக்கும்வரை எந்த மூல டிஸ்க்கிலும் ஒரு பைட் கூட எழுதப்படக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை, யார் அவசரப்படுத்தினாலும்.

மூன்றாவது எப்படி விழுந்தது

படிக்க முடியாத செக்டரைச் சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். ஒரு நிமிடம், அதற்கு மேலும் ஆகலாம். லினக்ஸோ ஒரு கட்டளைக்கு 30 வினாடிதான் காத்திருக்கும். அதற்குள் பதில் வரவில்லையென்றால் இணைப்பை ரீசெட் செய்யும். தன் முயற்சியில் மூழ்கியிருக்கும் டிஸ்க் ரீசெட்டுக்கும் பதில் சொல்லாது. கெர்னல் டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டும். ஒரு சிறு இடத்தைப் படிக்க முடியாததற்காக 4 டிபி டிஸ்க் முழுவதும் ரெய்டிலிருந்து வெளியேற்றப்படும்.

நாஸ் என்ற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளுக்கென்று விற்கும் டிஸ்க்குகளில் இந்த முயற்சியை 7 வினாடியில் நிறுத்தும் வசதி உண்டு. ஸ்மார்ட்சிடிஎல்லில் எஸ்சிடி ஈஆர்சி என்ற பெயரில் பார்க்கலாம், மாற்றலாம். இங்கே இருந்த டிஸ்க்குகளில் அது இல்லை. இல்லாதபோது செய்ய வேண்டியது, லினக்ஸின் காத்திருப்பு நேரத்தை 180 வினாடியாக உயர்த்துவது. ஒவ்வொரு பூட்டிலும் மறுபடி எழுத வேண்டிய ஒரே ஒரு எண் அது. இந்தப் பெட்டியில் யாரும் எழுதியிருக்கவில்லை.

நகல்

புதிய டிஸ்க் வாங்குவதில் ஒரு நாள் போனது. தகட்டின் தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்க் எனக்கு வேண்டாம்; தொடர்ந்து எழுதும்போது அவை நடுவில் தவழத் தொடங்கும், ரெய்டு ரீபில்டில் அது பெரிய தொல்லை. டவுன்ஹால் ரோட்டில் கேட்ட இடங்களில் பெட்டிமேல் எந்த வகை என்று எழுதியில்லை. கடைசியில் மாதிரி எண்ணைச் சொல்லி, கோயம்புத்தூரிலிருந்து பஸ் பார்சலில் வரவழைத்து, ஆரப்பாளையத்தில் போய் வாங்கிக்கொண்டோம். 4 டிபியில் இரண்டு, எல்லாவற்றையும் இறக்கி வைக்க 12 டிபியில் ஒன்று.

மூன்றாவது டிஸ்க்கை வேறொரு கணினியில் மாட்டி, டிடிரெஸ்கியூவில் நகலெடுத்தேன். அந்தோனியோ தியாஸ் எழுதிய இந்தக் கருவியின் சிறப்பு அதன் மேப் கோப்பு. எந்த இடம் படித்தாயிற்று, எது பாக்கி, எது படிக்க முடியாதது என்று ஒவ்வொரு பகுதிக்கும் கணக்கு வைக்கும். நடுவில் நிறுத்தலாம், டிஸ்க்கை ஆறவிடலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேப் கோப்பு இல்லாமல் ஓட்டுவது வீண்.

முதல் ஓட்டத்தில் கெட்ட பகுதியைச் சுரண்டவே கூடாது. தட்டுப்பட்டால் தாண்டிக் குதித்து, நல்ல பகுதியை முழுவதும் எடுத்துவிட வேண்டும். நோயுள்ள டிஸ்க்குக்கு எவ்வளவு ஆயுள் மிச்சம் என்று யாருக்கும் தெரியாது; அந்த ஆயுளை முதலில் அதிகத் தகவல் தரும் இடத்தில் செலவழிக்க வேண்டும். சராசரியாக வினாடிக்கு 120 எம்பி வேகத்தில் 4 டிபிக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். டேபிள் ஃபேனை நேரே திருப்பி வைத்து இரவு முழுவதும் ஓடவிட்டோம். காலையில் சில எம்பி மட்டும் பாக்கி. அடுத்து பின்னிருந்து முன்னாக ஒரு ஓட்டம். முன்னிருந்து வரும்போது படிக்க மறுத்த சில இடங்கள் எதிர்த்திசையில் வரும்போது கிடைப்பதுண்டு. அதற்குப் பிறகே சுரண்டலும் மறுமுயற்சியும்.

கடைசியில் படிக்கவே முடியாமல் நின்றது 61,440 பைட். 512 பைட் கணக்கில் 120 செக்டர். தகட்டின் உண்மையான 4 கேபி கணக்கில் 15 இடம். டிஸ்க்கின் 781 கோடிச் சொச்சம் செக்டர்களில் 120. இந்தக் கணக்கில் மகிழ்ச்சி உண்டு. ஆனால் 15 இடம் எங்கே விழுந்திருக்கிறது என்று தெரியாதவரை அது சிறிய இழப்பு என்று சொல்ல முடியாது. கோப்பு முறைமையின் அடைவுத் தகவலில் விழுந்தால் ஒரு 4 கேபி போதும், ஒரு ஃபோல்டர் முழுவதும் காணாமல் போக.

சேர்ப்பது

முதல் இரண்டு டிஸ்க்கையும் கெர்னலில் படிக்க மட்டும் என்று பூட்டி, டிவைஸ் மேப்பர் மூலம் ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஓவர்லே போட்டேன். மேலே இருந்து எழுதுவதெல்லாம் தனிக் கோப்புக்குப் போகும்; அடியில் இருக்கும் டிஸ்க் தொடப்படாது. மூன்றாவதின் நகலுக்கும் அப்படியே. ஏதாவது தவறினால் ஓவர்லே கோப்பை அழித்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து வரலாம். இந்த ஏற்பாடு இல்லாமல் ஃபோர்ஸ் என்ற சொல்லை நான் டைப் செய்வதில்லை.

பிறகு அந்த மூன்றையும் மட்டும் கொடுத்து ஃபோர்ஸ் அசெம்பிள். நான்காவது அலமாரியில். மூன்றாவதின் எண் நான்கு பின்தங்கியிருந்ததை எம்டிஏடிஎம் சொல்லிவிட்டு ஏற்றுக்கொண்டது. ரெய்டு எழுந்தது, நான்கில் மூன்று.

எக்ஸ்எஃப்எஸ்ஸை முதலில் படிக்க மட்டும், அதன் லாக்கை (செய்து முடிக்கப் பாக்கியிருக்கும் மாற்றங்களின் குறிப்பை) தொடாமல் ஏற்றினேன். ஃபோல்டர்கள் தெரிந்தன. கீழே நின்ற அண்ணனைக் கூப்பிட்டு, அவர் போனில் சொன்ன கல்யாணத்தின் ஃபோல்டரைக் காட்டினேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு ஓவர்லேயின் மேலேயே வழக்கம்போல் ஏற்றி, லாக்கில் பாக்கியிருந்ததை அது முடித்துக்கொள்ளவிட்டேன். இறக்கிவிட்டு, எதையும் மாற்றாமல் சோதிக்கும் முறையில் எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேரை ஓட்டினேன். குறை ஒன்றும் சொல்லவில்லை. அந்த 15 இடமும் அடைவுத் தகவலில் இல்லை என்பது அப்போது உறுதியானது. லாக்கையே துடைத்துவிடும் எல் தெரிவு ஒன்று அதில் உண்டு. எல்லா வழியும் அடைபட்ட பிறகு கடைசியாக நினைக்க வேண்டியது அது.

பழைய டிஸ்க் மருந்தானது

இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இனிமேல்தான்.

மூன்றாவதில் ஓர் இடம் போனால் காயம் ஓரிடத்தில் மட்டும் இல்லை. நான்காவது இல்லாததால், அதில் இருக்க வேண்டியதை ரெய்டு மற்ற மூன்றையும் வைத்துக் கணக்கிட்டுத்தான் தருகிறது. மூன்றாவதில் ஒரு 4 கேபி பொய்யானால், நான்காவதாகக் கணக்கிட்டு வரும் 4 கேபியும் பொய்யாகும். 15 இடம் என்பது 15 முதல் 30 காயம் வரை ஆகலாம்.

ஆனால் ரெய்டு 5இன் அடிப்படை எளிமையானது. எந்த வரிசையை எடுத்தாலும் நான்கு டிஸ்க்கிலும் ஒரே தூரத்தில் இருப்பவற்றை எக்ஸ்ஆர் செய்தால் (பிட் பிட்டாக, ஒன்றானால் 0, வேறானால் 1 என்று போடும் கணக்கு) பூஜ்யம் வரும். அந்த வரிசையில் பாரிட்டி எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்பது கூடத் தெரிய வேண்டியதில்லை. மொய் நோட்டில் ஒரு வரி அழிந்துபோனாலும், மொத்தமும் மற்ற வரிகளும் இருந்தால் அழிந்த தொகை வந்துவிடும், அதே கணக்கு. ஆக மூன்றாவதில் போன இடத்தை முதலாவது, இரண்டாவது, நான்காவதிலிருந்து பெறலாம், ஒரே நிபந்தனையோடு: நான்காவது வெளியேறிய பிறகு அந்த வரிசையில் எதுவும் எழுதப்பட்டிருக்கக் கூடாது.

மொத்த ரெய்டுக்கும் நஞ்சான அதே டிஸ்க், ஏழு வாரமாகத் தொடப்படாத வரிசைகளுக்குச் சரியான மருந்து. ஸ்டுடியோவில் இருப்பதில் பெரும்பகுதி பழைய கல்யாணங்கள். ஒருமுறை எழுதினால் மறுபடி மாறாதவை.

தொடப்படவில்லை என்பதை எப்படி உறுதி செய்வது? கோப்பின் தேதியை நம்ப வேண்டியதில்லை, டிஸ்க்கையே கேட்கலாம். மூன்றாவதில் படிக்க முடியாமல் போன ஒவ்வொரு ஓட்டைக்கும் முன்னும் பின்னும், மூன்றாவதிலிருந்து நன்றாகப் படித்த 256 வரிசைகளை எடுத்துக்கொண்டேன். மற்ற மூன்றையும் எக்ஸ்ஆர் செய்து வரும் விடையும், மூன்றாவதில் உண்மையில் இருப்பதும் பைட் பைட்டாகப் பொருந்துகிறதா என்று பார்த்தேன். பொருந்தினால் அந்தப் பகுதி பங்குனிக்குப் பிறகு மாறவில்லை. நடுவில் உள்ள ஓட்டைக்கு வரும் விடையையும் நம்பலாம். நான்கு டிஸ்க்கிலும் தகவல் தொடங்கும் இடம் ஒன்றே என்பதை சூப்பர்பிளாக்கில் பார்த்துக்கொண்டால் போதும். இருபது வரிக்குள் அடங்கும் பைதான் நிரல்.

15 ஓட்டையில் 11க்கு இருபுறமும் முழுப் பொருத்தம். அவற்றைக் கணக்கிட்டு, மூன்றாவதின் நகலில் நிரப்பினேன். காதுகுத்துக்குக் கேட்ட கல்யாணம் அந்தப் பதினொன்றில் இருந்தது. அதைப் படிக்கப் போய்த்தானே எல்லாம் நின்றது. தடங்கல் இருந்த நிமிடத்துக்கு நகர்த்தி ஓட்டிப் பார்த்தோம், ஒரு பிரேமும் கலங்கவில்லை.

மிச்சம் நான்கு ஓட்டை, பொருந்தாதவை. ஏழு வாரத்துக்குள் எழுதப்பட்ட பகுதி. அவை எந்தக் கோப்பு என்று தெரிய வேண்டும். அந்த நான்கிலும் பூஜ்யத்தை நிரப்பி, 8 டிபியையும் 12 டிபி டிஸ்க்குக்கு இறக்கி, ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் எடுத்தேன், உள்ளே ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் சுருக்க எண் அது. பிறகு அதே நான்கில் வேறொரு வடிவத்தை நிரப்பி, ரெய்டிலிருந்து மறுபடி செக்சம் எடுத்தேன். இரண்டிலும் வேறுபட்டவைதான் காயம் பட்ட கோப்புகள். மூன்றாவதில் நேராகப் போனதும் சரி, நான்காவதாகக் கணக்கிட்டதில் போனதும் சரி, இந்த முறைக்கு இரண்டும் அகப்படும். ஓட்டையில் ஓர் அடையாளச் சொல்லை நிரப்பிக் கோப்புகளில் தேடும் முறையும் உண்டு. அதில் நேரடிக் காயம் மட்டுமே தெரியும். எக்ஸ்ஆரில் கலந்து வருவதில் அந்தச் சொல் உருமாறிவிடும்.

வேறுபட்டவை இரண்டே கோப்பு. சித்திரையில் நடந்த ஒரு கல்யாணத்தில் இரண்டாம் கேமராவின் நீண்ட வீடியோ, அதில் மூன்று ஓட்டை. கட்டம் கட்டமாகக் கலங்கி ஒரு வினாடிக்குள் தெளிந்துவிடுகிறது, அந்த இடத்துக்கு முதல் கேமராவின் காட்சியை எடிட்டர் தம்பி வைத்துவிட்டார். இன்னொன்று மாலை மாற்றும்போது தொடர்ச்சியாக எடுத்ததில் ஒரு ரா (கேமரா பதப்படுத்தாமல் தரும்) படம். அதற்கு முந்தைய பிந்தைய படங்கள் இருந்தன. ஸ்டுடியோ அண்ணன் இரண்டு வீட்டாருக்கும் போன் செய்து நடந்ததைச் சொல்லிவிட்டார். சொல்லாமலும் இருந்திருக்கலாம், அவர் சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

புதிய பெட்டி

ரெய்டு 5ஐ மறுபடி கட்டவில்லை. 4 டிபி டிஸ்க் நான்கில் ஒன்று போனால், ரீபில்டுக்கு மிச்சம் 12 டிபியையும் ஒரு பிழையின்றிப் படிக்க வேண்டும். இவ்வகை டிஸ்க்குகளின் விவரக்குறிப்பே, 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு பிழை வரை வரலாம் என்கிறது, அது 12.5 டிபி. நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனால் இந்த அளவுக்கு வந்த பிறகு ஒற்றைப் பாரிட்டியில் எனக்கு நம்பிக்கையில்லை. பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988இல் ரெய்டு கட்டுரையை எழுதியபோது டிஸ்க்குகள் மெகாபைட் அளவில் இருந்தன. ஐந்து புதிய டிஸ்க்கில் ரெய்டு 6. அதே 12 டிபி, இரண்டு போனாலும் நிற்கும். டிஸ்க்குகளை ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கவில்லை. ஐந்துக்கும் 7 வினாடி வரம்பு வேலை செய்கிறது. பழைய முதல் மூன்று டிஸ்க்கும் ஓய்வு பெற்றன. நான்காவது, புதுக் கேபிளோடு நீண்ட சுயசோதனையைத் தாண்டி, 199 அசையாமல் நிற்பதால் அவசர மாற்றாக அலமாரியில் இருக்கிறது.

12 டிபி நகல் டிஸ்க் திருநகரில் அண்ணன் வீட்டில் இருக்கிறது. வாரம் ஒருமுறை ஸ்டுடியோவுக்கு வந்து நிரம்பிப் போகும். ரெய்டு எத்தனை பாரிட்டி வைத்தாலும், தவறி அழித்ததையும் தீப்பிடித்ததையும் அது மீட்டுத் தராது. கார்டை அழிப்பதும் இப்போது நகலுக்குப் போனபிறகுதான்.

எச்சரிக்கை மெயில் வெளியே போகிறது. அண்ணன், எடிட்டர் தம்பி இருவர் போனிலும் வரும். அமைத்ததோடு விடாமல், பெட்டியை ஒப்படைக்கும் முன் அவர்கள் கண்ணெதிரே ஓடும் ரெய்டிலிருந்து ஒரு டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கினேன். இரண்டு போனும் ஒலித்தன. அந்த டிஸ்க்கை மறுபடி சேர்த்து, ரீபில்ட் எவ்வளவு நேரம் ஆகிறது, அப்போது எடிட்டிங் எவ்வளவு மெதுவாகிறது என்பதையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். டிஸ்க் வரிசை எண்களும் போர்ட்டுகளும் எழுதிய தாள் மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறது.

ஒரே ஒரு மாற்றம் பிறகு தேவைப்பட்டது. எல்லா டிஸ்க்கையும் முழுவதும் படித்துப் பார்க்கும் மாதாந்திரச் சரிபார்ப்பை டெபியன் முதல் ஞாயிறு அதிகாலையில் தொடங்கும். இங்கே ஞாயிறுதான் முகூர்த்தக் கூட்டம். மதியத்துக்குள் கார்டுகள் வந்து குவியும். செவ்வாய்க்கிழமை இந்தப் பக்கம் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. சரிபார்ப்பை மாதத்தின் முதல் செவ்வாய்க்கு மாற்றிவிட்டோம்.